கடலுக்குக் கட்டிய தாராபாத்திரம்

எங்கள் வீட்டுக்குள் மீன் என்று ஒன்று நுழைந்தது என்னுடைய ஐம்பத்திரண்டாவது வயதில். அதுவும் முன்வாசல் வழியாக, உயிரோடு, நீந்திக்கொண்டே. எங்களுடையது சைவ வீடு. தெருவும் அப்படித்தான். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கடைக்காரரிடம் மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் பிறந்தநாள் கொண்டாடுவோம்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியன். இருபத்தேழு வருடமாகப் பிள்ளைகளுக்கு உப்புப் பகுப்பாய்வு சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு சிட்டிகைப் பொடியைக் கொடுத்தால் அதில் என்ன உலோகம், என்ன அமிலம் என்று சொல்லிவிடுவேன். இதை வாசிக்கிறவர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் என்னைப் பார்த்துச் சிரிக்க உதவும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். வகுப்பில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘அடர் கந்தகம்’. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாம் ஒரு பல் வலியில் தொடங்கியது. பல் என்னுடையது இல்லை, என் மனைவியுடையது.

பல் மருத்துவர் அவளை உள்ளே படுக்கவைத்து வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். ஒரு மணி நேரம் நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். சுவரோரமாக ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. தங்கமீன்தானே என்று பக்கத்தில் போனால் உள்ளே இருந்தது கடல். ஒரு பாறை. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். பாறையின் மேல் ஓர் இறால், செக்கச் சிவந்த முதுகில் நெற்றியிலிருந்து வால் வரை ஒரே ஒரு வெள்ளைக் கோடு. மீன் ஒன்று வந்து அதன் முன்னால் நின்று வாயைத் திறந்தது. இறால் நீளமான வெள்ளை மீசையை ஆட்டிக்கொண்டு, மீனின் வாய்க்குள் கையை விட்டு எதையோ பொறுக்கித் தின்றது. உள்ளே மருத்துவர் செய்துகொண்டிருந்த வேலையை வெளியே இது ஊசி போடாமல் செய்துகொண்டிருந்தது. மீன் வாயை மூடிக்கொண்டு நிம்மதியாகப் போனது. நான் அப்படியே நின்றுவிட்டேன். கடல் எங்கள் ஊரிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பயணம். நூறு முறை போய்க் கால் நனைத்திருப்பேன். அதற்குள் இப்படியெல்லாம் நடக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் மனைவி பாதி முகம் மரத்துப்போய் வெளியே வந்தாள். “நம்ம வீட்டுலயும் இப்படி ஒண்ணு வச்சா என்ன?” என்று கேட்டேன். அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மரப்பு தெளிந்ததும் தீர்ப்பு வந்தது.

“வச்சிக்கிடுங்க. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா இது சைவ வீடு. ஒரு உயிரு இங்கன செத்து மிதக்கத என்னால பாக்க முடியாது. ஒண்ணே ஒண்ணு செத்தாலும் அன்னைக்கே தொட்டியத் தூக்கிரணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றேன். அந்த நேரத்தில் வீட்டை எழுதித் தரச் சொல்லியிருந்தாலும் சம்மதம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கடல் மீனுக்கு வள்ளியூரில் ஒருவர் இருக்கிறார் என்று பல் மருத்துவர் சொன்னார். பொங்கல் விடுமுறையில் போனேன். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், கடற்கரை ஊர்க்காரர். துபாயில் பெரிய ஓட்டல்களின் மீன் தொட்டிகளைப் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். கடையின் முன்பக்கம் தங்கமீன், பின்னறையில் கடல். நான் வாத்தியார் என்று தெரிந்ததும் ‘சார்வாள்’ ஆகிவிட்டேன்.

“என்ன தண்ணி ஊத்தப் போறீங்க சார்வாள்?”

“தாமிரபரணிதான்.”

“அது சரிப்படாது. ஆர்.ஓ. தண்ணி வேணும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. திருநெல்வேலிக்காரனிடம் அவன் படிப்பைக் குறை சொல்லலாம், அவன் வீட்டுச் சமையலைக்கூடக் கொஞ்சம் குறை சொல்லலாம். தண்ணீரைச் சொல்லக் கூடாது. “எங்க ஆத்துத் தண்ணியில என்னவே குறை கண்டீரு?” என்று கேட்டேன்.

“ஆத்துல ஒரு குறையும் இல்ல சார்வாள். குழாயில வரும்போது குளோரின் போடுதாங்கள்லா, அதத்தான் சொல்லுதேன்.”

வேதியியல் வாத்தியாருக்கு குளோரினைப் பற்றி அவர் பாடம் எடுத்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. தூத்துக்குடிக் கல்லுப்பைக் கரைத்தால் போதாதா என்று கேட்டேன். அவர் சிரித்தேவிட்டார். “அது சாம்பாருக்கு. கடல்ல சாப்பாட்டு உப்பு மட்டுமா கிடக்கு?” அதுவும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் எனக்கு எல்லாம் மறந்துபோகிறது.

மறுநாள் ஆட்டோவில் எட்டு கேன் தண்ணீர் வந்து இறங்கியது. ஆற்றுத் தண்ணீரைப் பற்றித் தெருவில் அதிகமாகப் பெருமை பேசுகிறவன் நான்தான். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, “என்ன அண்ணாச்சி, ஆறு கசந்துபோச்சோ?” என்று கேட்டார். கடலுக்கு என்று சொன்னேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

கூடத்தில் மகளின் பரிசுக் கோப்பைகள் இருந்த மேசையைக் காலி செய்து தொட்டியை வைத்தேன். மகள் வேலைக்காக பெங்களூர் போன பிறகு அந்தக் கோப்பைகளைத் துடைக்கும் வேலை என்னுடையதாக இருந்தது. அவை அலமாரிக்குப் போயின. வெள்ளை மணல், வள்ளியூரிலிருந்து வந்த பாறை, கடல் உப்புக் கலந்த தண்ணீர். உப்பின் அளவைப் பார்க்க ஒரு சின்னக் கருவி, தொலைநோக்கிபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது. அளவு மிகச் சரியாக வந்தபோது எனக்கு ஏற்பட்ட கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. சரி, இனி மீன் வாங்கலாம் என்று கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

“மீனா? ஆறு வாரம் ஆகும் சார்வாள்.”

விஷயம் இதுதான். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது மீனுக்கு நஞ்சு. அதைத் தின்று நஞ்சில்லாததாக மாற்ற நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் முதலில் குடியேற வேண்டும். அவை வளர வேண்டுமானால் அவற்றுக்குத் தின்ன ஏதாவது வேண்டும். எல்லோரும் செய்கிற வழி, சந்தையில் ஓர் இறால் வாங்கித் தொட்டியில் போட்டு அழுகவிடுவது. இதை வீட்டில் சொன்னேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையிலேயே அந்த வழி அடைபட்டது.

“வேற வழி இருக்கு சார்வாள்” என்றார் கடைக்காரர். “தெனமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்க. அது அழுகும்.”

ஆக, நான் மீன் இல்லாத தொட்டிக்குத் தினமும் காலை ஏழு மணிக்குத் தீனி போட ஆரம்பித்தேன். தீனி டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படித்துவிட்டு, அதை மட்டும் வெளியே ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் ஒரு ஆணியில் மாட்டி வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் தொட்டியின் முன்னால் குனிந்து, “மீனு எங்க?” என்று கேட்டார்கள். “இனிமேல்தான் வரும்.” “அப்ப யாருக்குத் தீனி?” கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு என்று சொன்னால் ஒரு மாதிரி பார்த்தார்கள். பள்ளியில் சக ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற இன்னும் எத்தனை வருடம் என்று கனிவோடு விசாரித்தார்.

என் மனைவிக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. “கண்ணுக்குத் தெரியாத ஆளுக்கு நேரம் தவறாமப் படைக்கது நம்ம வீட்டுக்குப் புதுசா? நான் பூசை அறையில படைக்கேன், நீங்க கூடத்துல படைக்கீங்க. என்ன, என் படையலு மணக்கும்” என்றாள்.

நான் தினமும் தண்ணீரை எடுத்துச் சோதனைக் குழாயில் மருந்து விட்டுப் பார்த்தேன். முதலில் பச்சையாக வந்தது, அம்மோனியா. பிறகு ஊதாவாக வந்தது, நைட்ரைட். மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் இரண்டும் பூஜ்யம். நான் கத்திய கத்தலில் அவள் அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். குழாயில் ஒன்றுமே இல்லை என்று காட்டினேன். “ஒண்ணும் இல்லாததுக்கு இவ்வளவு சந்தோஷமா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மீன்கள் இரண்டும் வந்தன. ஆரஞ்சு, வெள்ளைப் பட்டை. என் மனைவி போட்ட சட்டம் நினைவிருந்ததால் முதல் ஒரு வாரம் எனக்கு உறக்கம் சரியில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த தகப்பன் மாதிரி மதியம் போன் செய்து, “நீந்துதா?” என்று கேட்பேன். “நீந்தாம நடக்கவா செய்யும்?” என்று பதில் வரும். ஏப்ரலில் இறால் வந்தது. அதே சிவப்பு முதுகு, அதே வெள்ளைக் கோடு. தண்ணீருக்குள் கையை வைத்தால் அது ஓடி வந்து என் நகத்தைச் சுத்தம் செய்யும். சுண்ணக்கட்டித் தூளும் சிவப்பு மையும் படிந்த வாத்தியார் நகம், அதற்கு நல்ல வேலை. பதினைந்து நாளில் என் மனைவியும் கையை விட்டாள். முதலில் ஒரு விரல். “கூசுது, கூசுது” என்று சிரித்துக்கொண்டே கையை எடுக்காமல் இருந்தாள். பிறகு என்னைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டு, “தொட்டியத் தொடச்சேன்” என்றாள்.

அதற்குள் வெயில் வந்துவிட்டது. தண்ணீர் சூடாகாமல் இருக்க மேசை விசிறியைத் தொட்டியின் பக்கம் திருப்பி வைத்தேன். அதனால் தண்ணீர் இன்னும் வேகமாக ஆவியானது. நாளைக்கு இரண்டு லிட்டர் போனது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. நானோ விடைத்தாள் திருத்தும் முகாமுக்குக் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். வந்ததும் இரண்டு லிட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றுவேன். இறால் வெடுக்கென்று பின்னால் துள்ளும். அதற்கென்று தானியங்கிக் கருவி இருக்கிறது, வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பரணிலிருந்து ஒரு பாத்திரத்தை இறக்கினாள். கறுத்துப்போயிருந்தது. புளி போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தாள். தகதகவென்று வந்து நின்றது ஒரு தாராபாத்திரம். கோடைக்காலத்தில் சிவலிங்கத்துக்கு மேல் கட்டித் தொங்கவிடுவார்களே, அடியில் ஊசித்துளை வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுமே, அது. அவள் பிறந்த வீட்டில் லிங்கம் வைத்துப் பூசை செய்தவர் அவள் அப்பா. அவர் காலமான பிறகு லிங்கம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனது. இது மட்டும் அவளிடம் வந்தது.

“கத்திரி வெயிலுக்குச் சிவனுக்கே கட்டுதாங்க. ஒங்க கடலுக்குக் கட்டுனா ஆகாதா?”

எவ்வளவு எளிய யோசனை! துளையில் திரியை இறுக்கி, நாளைக்கு இரண்டு லிட்டர் விழும்படி அளந்து அவளே சரிசெய்தாள். விசிறிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் மாட்டினோம். கூடத்தில் நாள் முழுக்கச் சொட்டு, சொட்டு என்று சத்தம் கேட்டது. வந்தவர்கள் இப்போது மீன் எங்கே என்று கேட்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்தார்கள். நான் படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பலாம் என்று இருந்தேன். அனுப்பியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். மறந்துவிட்டேன்.

மே மாதம் பாதியில் இறால் கைக்கு வருவதை நிறுத்தியது. பாறைக்கடியில் ஒதுங்கி நின்றது. மீசை தொங்கிவிட்டது. மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. என் மனைவி ஒரு நாளைக்கு நாலு தடவை வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனாள். நான் தண்ணீரைச் சோதித்தேன், எல்லாம் சரியாக இருந்தது. வள்ளியூருக்குப் போன் செய்தேன்.

“மதினி கொசு மருந்து ஏதும் அடிச்சாங்களா?”

“இல்ல.”

“பக்கத்துல பெயிண்டு?”

“இல்ல.”

“தொட்டிக்குள்ள காசு கீசு விழுந்து கிடக்கா?”

“காசா? எதுக்குக் கேக்கீரு?”

“செம்பு கலந்த காசா இருந்தா ஆபத்து சார்வாள். செம்பு பட்டா மீனு தாங்கிரும். இறாலு தாங்காது.”

என் கண்ணெதிரே தாராபாத்திரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று விழுந்தது.

போனை வைத்த கையோடு நான் செய்த காரியத்தை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடுக்களை வாசலில் நின்று கத்தினேன். “செம்பு விஷம்லா! செம்புப் பாத்திரத்தக் கொண்டாந்து கட்டுனியே! மூணு வாரமா விஷத்தச் சொட்டவிட்டிருக்கோம்!” அவள் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தாள். “வேதியியல் வாத்தியாரு நீங்கதான” என்று மெல்லச் சொன்னாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாத்திரத்தைக் கழற்றிக் கொல்லைக்கு எடுத்துப் போனேன். உள்ளே தண்ணீர் நின்ற மட்டத்தில் பச்சையாக ஒரு கோடு. களிம்பு. செம்பில் களிம்பு போல உயிரை ஆணவம் பற்றியிருக்கிறது என்று சைவ சித்தாந்த வகுப்பில் சொல்லுவார்கள். என் மாமனார் அதைச் சொல்லாத நாள் கிடையாது. அவர் சித்தாந்தம் படித்தவர், நான் வேதியியல் படித்தவன், இரண்டு பேருக்குமே களிம்பு என்றால் என்னவென்று தெரியும். மூன்று வாரம் நானேதான் தினமும் தண்ணீர் நிரப்பினேன். கர்வத்தில் என் கண்ணில் படவில்லை. பழி மட்டும் அவள் தலையில் சட்டென்று விழுந்தது. கொல்லையில் அந்தப் பாத்திரத்தோடு நின்றபோது எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

அன்றும் மறுநாளும் பாதிப் பாதித் தண்ணீரை மாற்றினேன். செம்பை உறிஞ்ச ஒரு பையில் கரி போட்டுத் தொங்கவிட்டேன். சாப்பாடு வேளைக்கு வேளை மேசையில் இருந்தது, அவள் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு முறை அடுக்களைக்குப் போய், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். எனக்கு அந்த வித்தை பழக்கமில்லை.

புதன்கிழமை திசையன்விளையில் ஒரு கல்யாணம். தலைவலி என்று சொல்லி அவள் வரவில்லை. நான் மட்டும் போய்விட்டு மதியம் மூன்று மணிக்குத் திரும்பினேன். அவள் தலை ஈரமாக இருந்தது. புதன்கிழமை எங்கள் பக்கத்துப் பெண்கள் தலைக்குக் குளிக்கும் நாள் இல்லை.

“வெக்கையா இருந்துது” என்றாள், நான் கேட்காமலே.

அதைவிட ஆச்சரியம், உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து வைத்திருந்தாள். எனக்கு உயிர். கல்யாணச் சாப்பாடு தொண்டை வரை இருந்தது. கோபம் தீர்ந்துவிட்டது போல என்று நினைத்து அதையும் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டுத் தொட்டியைப் பார்த்தேன். இறாலைக் காணோம்.

“கல்லு இடுக்குல எங்கயாவது நிக்கும்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “பைய வரும். போட்டு நோண்டாதீங்க.”

வியாழனும் காணோம். டார்ச் அடித்துத் தேடினேன். “அத ஏன் பாடாப் படுத்துதீங்க, ஒடம்புக்கு முடியாத ஜீவன்” என்று டார்ச்சை வாங்கிவைத்துவிட்டாள். இறாலுக்காக என்னோடு அவள் சண்டை போட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை வள்ளியூர்க் கடைக்காரர் கூப்பிட்டார்.

“மதினி, நீங்க கேட்ட இறாலு ஏழரை பஸ்ல வருது. கண்டக்டர்ட்ட சொல்லியிருக்கேன், வாங்கிக்கிடுங்க.”

“எந்த இறாலு?”

“ஐயையோ” என்றார். “ஒங்க நம்பர அழுத்திட்டேனே. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னாவளே! தப்பாப் போச்சு சார்வாள். பழசு செத்துப்போச்சுல்லா. புதன்கிழமை மதினி போன்ல ஒரே அழுகை. அதே நீளத்துல, அதே கோட்டோட ஒண்ணு வேணும், அவுக கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு சொன்னாவ.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தலைக்குக் குளித்தது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. எங்கள் வீட்டில் துக்கம் என்றால் தலை முழுகுவது வழக்கம். ஓர் உயிர் செத்தால் அன்றைக்கே தொட்டியைத் தூக்க வேண்டும் என்ற சட்டத்தைப் போட்டவள் அவள். நான் ஊரில் இல்லாத நேரத்தில் செத்தது. ‘தூக்குங்கள்’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் கத்திய கத்தலுக்கு அதைச் சொல்லியிருந்தால்கூட நியாயம்தான். அவளோ அதை மறைத்து, உளுந்தஞ்சோறு பொங்கிப் போட்டு, எனக்குத் தெரியாமல் புது இறாலுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாள். என் கண் கலங்கிவிட்டது. இறாலுக்கா அவளுக்கா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அவள் பட்டுக்கரைச் சேலை கட்டி, கூடையோடு வெளியே வந்தாள். “கோயிலுக்குப் போயிட்டு வாரேன்.”

“நீ இரு. பஸ்ஸுக்கு நான் போறேன்” என்றேன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். “அந்த மனுசன் உளறிட்டாரா?”

“ம்.”

“மணல்ல விழுந்து கெடந்துது. அசையவே இல்ல. எங்கப்பா பாத்திரத்தால நானே அதக் கொன்னுட்டேன்” என்று சொல்லி அழுதாள்.

அடுக்களையில் தண்ணீர் குடித்துக் குடித்துத் தள்ளிப்போட்டதை அப்போது சொன்னேன். கத்தினது தப்பு, பாத்திரத்தில் தப்பில்லை, படித்த முட்டாள் நான்தான் என்றேன். “அது எனக்கு முன்னயே தெரியும்” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். எனக்குப் பாதி உயிர் வந்தது.

பேருந்து நிலையத்தில் கண்டக்டர், அட்டைப் பெட்டியைத் தலைச்சன் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து, உள்ளே இருந்த பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்துப் பழக்கினேன். அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்துப் புது இறாலைப் பாறையின் மேல் இறக்கினேன். அது மீசையை ஆட்டியது.

பாறைக்குப் பின்னாலிருந்து இன்னொரு மீசை ஆடியது.

“ஏங்க” என்று அவள் என் தோளைப் பிடித்தாள். “அங்கன பாருங்க. ரெண்டு இருக்கு.”

கல்லிடுக்கிலிருந்து பழைய இறால் வெளியே வந்தது. சும்மா வரவில்லை, புதுத்துணி போட்ட மாதிரி பளபளவென்று வந்தது. நேராகப் புதியவரிடம் போய் விசாரிக்க ஆரம்பித்தது. நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி இருந்தோம்.

“அப்ப நான் பொதைச்சது யார?” என்றாள்.

கொல்லையில் பவளமல்லிக்கு அடியில் தோண்டினோம். வாழையிலைத் துண்டில் மடித்து, ஒரு சிட்டிகை திருநீறும் போட்டு, முறையாகத்தான் அடக்கம் செய்திருந்தாள். பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மீசை இருந்தது, கால் இருந்தது, முதுகில் கோடுகூட இருந்தது. உள்ளே இறால்தான் இல்லை. பாம்பு சட்டை உரிப்பதுபோல இறாலும் வளர வளர ஓட்டை அப்படியே முழுசாகக் கழற்றிப் போட்டுவிடும். புது ஓடு இறுகும் வரை இரண்டு மூன்று நாள் எங்காவது ஒளிந்துகொள்ளும். நல்ல தண்ணீர் மாற்றினால் சில சமயம் உடனே நடக்கும் என்று கடைக்காரர் பிறகு சொன்னார். ஆக, ‘கல்லு இடுக்குல நிக்கும், பைய வரும்’ என்று அவள் எனக்குச் சொன்ன பொய், எழுத்துக்கு எழுத்து உண்மை.

அவள் முதலில் சிரித்தாள். நான் சிரித்தேன். காலி ஓட்டுக்குத் தலை முழுகியதை நினைத்து நினைத்துச் சிரித்து, கடைசியில் இரண்டு பேரும் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டோம். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

தாராபாத்திரத்தைப் புளி போட்டு நானே தேய்த்தேன். அதைப் பவளமல்லிக் கிளையில் மாட்டினேன், செடிக்குக் கோடைத் தண்ணீர் ஆகட்டும் என்று. தொட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டு, திரியை இறுக்கி, சொட்டின் வேகத்தை அவளே சரிசெய்து கொடுத்தாள். சாயங்காலம் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, அவள் ஒரு கையை உள்ளே விட்டிருந்தாள். இரண்டு இறாலும் ஆளுக்கு இரண்டு விரலைப் பங்கு போட்டுக்கொண்டு வேலை பார்த்தன. எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“ஏளா, ஒண்ணு செத்தாலும் அன்னைக்கே தொட்டியத் தூக்கணும்னு ஒரு சட்டம் இருந்துச்சே, அது என்னாச்சு?”

அவள் கையை எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

“அதையும் சேத்துத்தான் பொதைச்சேன்” என்றாள்.